விண்மீனின் முகத்தைக் காணும் முறை

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் காவலூரில் அமைந்துள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது. 1986 சனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இத்தகைய கருவியிலும் விண்மீன் வெறும் ஒளிப்புள்ளியாகவே தோன்றும். மிகப் பெரிய விண்மீன்களுள் ஒன்றாகிய திருவாதிரையின் கோண விட்டம்கூட ஏறத்தாழ 0.05 வில்விநாடியே. வளிமண்டலத்தின் அசைவோ அப்புள்ளியை ஏறத்தாழ 1 வில்விநாடி அளவுக்குப் பரப்பிவிடுகிறது. அவ்வாறாயின், விண்மீனின் மேற்பரப்பை அறிவது எங்ஙனம்?

விடை நிறமாலையில் உள்ளது. சுழலும் விண்மீனின் ஒரு விளிம்பு நம்மை நெருங்குகிறது. மறு விளிம்பு விலகுகிறது. டாப்ளர் விளைவின்படி, நெருங்கும் பகுதியின் ஒளி நீலப் பக்கமும் விலகும் பகுதியின் ஒளி சிவப்புப் பக்கமும் நகர்வதால், நிறமாலையின் கருங்கோடு அகன்று காணப்படும். மேற்பரப்பில் குளிர்ந்த கரும்புள்ளி ஒன்று இருப்பின், அக்கோட்டினுள் சிறு மேடு தோன்றி, சுழற்சிக்கேற்ப நீலப் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கத்திற்கு நகரும். மேடு தோன்றும் நேரம் புள்ளியின் நெடுங்கோட்டையும், அது நகரும் எல்லை குறுங்கோட்டையும் உணர்த்தும். 1983 இல் வோக்ட், பென்ராட் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் இம்முறையால் கரும்புள்ளிகளின் வரைபடத்தை வெளியிட்டனர்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வாயு பாயும் இரட்டை விண்மீன்களுக்கும் இக்கோட்பாடு பொருந்தும். பாயும் வாயு, துணை விண்மீனைச் சுற்றி வட்டத்தட்டாகப் படிவதுண்டு. சுற்றுப்பாதையின் பல நிலைகளில் பெற்ற நிறமாலைகளைத் தொகுத்து அத்தட்டின் உருவத்தைக் கணிக்கும் முறையை மார்ஷ், ஹோர்ன் ஆகியோர் 1988 இல் வகுத்தனர். மருத்துவமனையின் சி.டி. ஸ்கேன் இயங்கும் அடிப்படையும் இதுவே.

தொலைநோக்கிகள் பலவற்றை இணைத்து நேரடியாகவே படம் பெறுதல் மற்றொரு வழி. அமெரிக்காவின் வில்சன் மலையில் இவ்வாறு திருவோண விண்மீனின் தட்டையான வடிவம் 2007 இல் படமாக்கப்பட்டது. ஆனால் இது பெரும் பொருட்செலவுடையது. நிறமாலை முறைக்கோ, நடுத்தரத் தொலைநோக்கியும் நுட்பமான நிறமாலைமானியும் இடைவிடா உழைப்புமே தேவை. ஓரிடத்தில் பொழுது விடிந்தாலும் விண்மீனின் சுழற்சி நிற்பதில்லை. ஆதலின் ஐரோப்பாவிற்கும் ஆஸ்திரேலியாவிற்கும் இடைப்பட்ட நம் நாட்டின் இரவு, உலக ஆய்வுத் தொடரில் இன்றியமையாத கண்ணியாகும்.

அந்த இரவு இருளாக இருத்தல் வேண்டும். தெருவிளக்குகளுக்கு மூடியிட்டு ஒளியைத் தரைநோக்கித் திருப்புவது மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும். வானாய்வகத்தைச் சூழ்ந்துள்ள ஊராட்சிகளும் நகராட்சிகளும் இச்சிறு ஏற்பாட்டைச் செய்வதும் அறிவியல் வளர்ச்சிக்கு அளிக்கும் பங்கேயாகும்.