கல்யாணம் ஆனதற்கு அத்தாட்சி என்ன?

கல்யாண ஆல்பத்தைக் கூடத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எந்தப் படத்தில் யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சிரிப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. 2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் மயிலாடுதுறை வீட்டுக் கூடத்தில் ஆல்பத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் இருந்தால் போதாது, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அப்படி எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். இருநூறு படத்தில் பன்னிரண்டு தேறியது!

என் மூத்த பெண்ணுக்கு 2024 ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை தாய் தகப்பனோடு பதினைந்து வயதில் இங்கிலாந்து போய், அங்கேயே படித்து, குடியுரிமையும் வாங்கியவர். லெஸ்டரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. கல்யாணத்துக்கு ஐந்து வாரம் லீவு போட்டு வந்தார். தாலி கட்டியாகிவிட்டது, இனி டிக்கெட் வாங்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்த அப்பாவி நான். மனைவிக்கான விசா என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதம் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளை பார்த்திருக்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படுமே என்றுதான், நாங்கள் பட்ட பாட்டை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்தோம். மாப்பிள்ளை ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த் திருமணத்தைப் பதிவு செய்துவிட்டோம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணம் ஆன 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். "அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாம்" என்று சம்பந்தியம்மா சொன்னதற்கு என் கணவர்தான் பிடிவாதமாக, "இல்லீங்க, மறுவீட்டு விருந்தைத் தள்ளி வெச்சுக்கலாம், இதைத் தள்ள வேணாம்" என்றார். நல்லவேளை!

அடுத்தது பெயர் விவகாரம். நம் வீடுகளில் பெண்ணுக்கு எத்தனை பெயர்! பத்திரிகையில் வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டிருந்தோம். பட்டச் சான்றிதழில் பெயரும் முன்னால் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு ஆங்கில எழுத்தில் ஒன்றில் 'ஹெச்' இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. அங்கே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இவை மூன்று பெண்களாகத் தெரிந்தால் அவர் மேல் என்ன தப்பு? இத்தனை பெயரும் ஒருத்தியே என்று நோட்டரி வக்கீலிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்தோம். சம்பந்தி வீட்டில், "இனிமே புருஷன் பேரைப் பின்னால சேர்த்துடலாமே" என்று ஆசைப்பட்டார்கள். விசா கையில் வருகிறவரை பெயரைத் தொடவே வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

தமிழில் இருந்த பத்திரிகையை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. என் தம்பி மகன் ஆங்கிலம் எம்.ஏ. அவனையே எழுதச் சொல்லலாம் என்று பார்த்தால், அது செல்லாதாம். மொழிபெயர்ப்பாளர் தன் முழுப் பெயர், தேதி, கையெழுத்து, விலாசம் எல்லாம் போட்டு, 'மூலத்துக்குச் சரியானது' என்று எழுதித் தரவேண்டும். இங்கிலீஷ் பரீட்சையும் உண்டு. மனைவியாகப் போகிறவர்களுக்கு முதல் படிதான். பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரிந்தால் போதும். படித்த பட்டம் ஆங்கில வழியில்தான் என்று அதற்கென்று உள்ள அமைப்பிடம் சான்று வாங்கியும் காட்டலாம். என் பெண் பரீட்சையே எழுதிவிடுகிறேன் என்றாள். 'எழுதுவது' என்று சொல்லக்கூடாது. இரண்டு பேரை ஜோடியாக உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள். இவளுக்கு ஜோடி ஒரு மலையாளப் பெண். அவளும் புருஷனிடம் போகக் காத்திருப்பவள். இருவரும் வெளியே வந்தும் ஒரு மணி நேரம் பேச்சை நிறுத்தவில்லை!

ஆல்பத்துக்கு அடுத்தபடி, 'இவர்கள் நிஜமான கணவன் மனைவிதான்' என்று காட்டப் பேச்சும் கடிதமும் வேண்டும். நம் காலத்தில் என்றால் ஏரோகிராம் கட்டு இருக்கும், ரிப்பன் கட்டி எடுத்துக் கொடுத்துவிடலாம். இப்போது எல்லாம் வாட்ஸப். என் பெண்ணுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அம்மா, நீ படிக்காதே. அப்பாவும் படிக்கக்கூடாது. நானே எடுக்கறேன்" என்றாள். சரி என்று சமையலறைக்குப் போனேன். அரை மணியில் அவளே அழாக்குறையாக வந்து நின்றாள். "இதுல ஒண்ணுமே இல்லம்மா. எல்லாம் 'சாப்டியா?', 'சாப்டேன், நீ?', 'குளிருதா?', 'தூங்கு'... இதைப் பார்த்து யாரு நம்புவாங்க?"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். மாதம் மாறுகிறது, 'சாப்டியா' மாறவில்லை. நடுவில் ஒரு நாள் ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று அவர் கேட்க, இவள் நெல்லிக்காய் அளவு என்று எழுத, அவர் "இங்கே நெல்லிக்காய் ஏது, வேற ஏதாவது அளவு சொல்லு" என்று கேட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதைவிட அத்தாட்சி வேறு என்ன வேண்டும்? காசு கொடுத்துக் கட்டின பொய்க் கல்யாணத்தில் யாராவது புளிக்கு அளவு கேட்பார்களா! மாதத்துக்கு இரண்டு பக்கம் என்று தேதி தெரிகிறாற்போல எடுத்து, தமிழுக்குப் பக்கத்தில் ஆங்கிலமும் போட்டு வைத்தோம். மொத்தத்தையும் கொட்ட வேண்டியதில்லை.

ஆனாலும் மனசு என்னவோபோல் இருந்தது. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதை முன்பின் தெரியாத ஒருவர் படிப்பதா? அப்போது என் கணவர் பழைய செய்தி ஒன்றை ஞாபகப்படுத்தினார். 1979 ஜனவரியில், நிச்சயித்த மாப்பிள்ளையைக் கல்யாணம் செய்துகொள்ள லண்டன் போன 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை, ஹீத்ரூ விமான நிலையத்தில் டாக்டரை விட்டு, கன்னிதானா என்று உடம்பையே சோதித்தார்கள். பத்திரிகைகளில் வெளியாகி இரண்டு நாட்டிலும் பெரிய கொந்தளிப்பாகி, பிறகு அந்த வழக்கத்தையே நிறுத்தினார்கள். அதைக் கேட்டபின், புளிக் கணக்கை யார் படித்தால் என்ன என்று தோன்றிவிட்டது எனக்கு.

நாங்கள் சறுக்கியது இதில் எதிலும் இல்லை. சம்பளத்தில்!

மனைவியை அழைக்கிறவருக்கு வருடத்துக்கு இத்தனை வருமானம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். முன்பு 18,600 பவுண்டாக இருந்ததை 2024 ஏப்ரலில் 29,000 ஆக்கிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு 26,000-தான். பாவம், அதற்காகவே அலைந்து, 2025 ஜனவரிக் கடைசியில் 30,500 பவுண்டுக்கு வேறு கம்பெனியில் சேர்ந்தார். வீட்டில் பாயசம் வைத்தோம். ஆறு மாதச் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள் என்று தெரியும். பழைய கம்பெனிச் சீட்டு ஐந்து, புதுசு ஒன்று, ஆக ஆறு. ஊர் ஏஜெண்டும், "ஆறு இருக்குல்லம்மா, போதும்" என்றார். மார்ச் முதல் வாரம் மனுப் போட்டோம்.

மே மாதம் பதில் வந்தது. மறுப்பு.

ஆறு சீட்டும் ஒரே முதலாளியிடம் வாங்கியதாக, ஒவ்வொன்றும் அந்த வருமானக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டுமாம். நடுவில் வேலை மாறியிருந்தால் கணக்கே வேறு. முந்தின 12 மாதம் கையில் வாங்கினது மொத்தமும் 29,000-ஐ எட்டியிருக்கவேண்டும், பன்னிரண்டு மாதச் சீட்டும் காட்டவேண்டும். நமக்கோ பழைய சம்பளம் குறைவு. எந்தச் சம்பளத்துக்குப் பாயசம் வைத்தோமோ அதுவே காலை வாரிவிட்டது. விண்ணப்பக் கட்டணம் 1,846 பவுண்டு, நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல், போனது போனதுதான். அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்வதற்கென்று வருடத்துக்கு 1,035 வீதம் கட்டின 3,105 பவுண்டு மட்டும் திரும்பி வந்தது.

என் பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை போனில், "அத்தை, தப்பு என்னோடது. நான் வர்றேன்" என்று சொல்லி, அந்த மாதமே பத்து நாள் லீவில் வந்து இறங்கினார். அவர் திரும்பிப் போன சில வாரங்களில் எங்களுக்கு இன்னொரு செய்தி தெரிந்தது. அவள் முழுகாமல் இருந்தாள்.

சந்தோஷம்தான். ஆனால் அன்றிலிருந்து எங்கள் காலண்டரில் இரண்டு கணக்கு ஓடியது. பிப்ரவரியில் சேர்ந்த சம்பளச் சீட்டு ஜூலையோடுதான் ஆறு ஆகும். அதற்குப் பிறகு மனு, பதில். குழந்தையோ அடுத்த பிப்ரவரியில். ஏழு மாதம் தாண்டினால் விமானத்தில் டாக்டர் கடிதம் கேட்பார்கள், 36 வாரத்துக்கு மேல் பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள். இங்கேயே பிறந்தால் தகப்பன் வழியில் குழந்தை பிறக்கும்போதே பிரிட்டிஷ் பிரஜை. பெற்றவள் மட்டும் விசாவுக்கு வரிசையில் நிற்பாள். வேடிக்கைதான், நம் வீட்டில் நடக்காமல் இருந்தால்!

இதற்கு நடுவில் காச நோய்ச் சான்றிதழ். அவர்கள் அங்கீகரித்த மையத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்து வாங்க வேண்டியது. ஆறு மாதம்தான் செல்லும். பிப்ரவரி முதலில் எடுத்தது, ஆகஸ்ட் முதலில் காலாவதி. ஜூலைச் சம்பளம் ஏறின பாங்க் ஸ்டேட்மெண்ட் கைக்கு வருவதற்கும் அது தீர்வதற்கும் சரியாக இருந்தது. கர்ப்பிணிக்கு எக்ஸ்ரேயா என்று என் மாமியார் ஒரே கூச்சல். விசாரித்ததில் வழி இருந்தது. மூன்று நாள் தொடர்ந்து சளி எடுத்துக் கொடுத்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம், ஆனால் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும். அல்லது வயிற்றுக்கு ஈயக் கவசம் போட்டு எக்ஸ்ரே. அல்லது பிரசவம் முடிகிறவரை காத்திருப்பது. மகப்பேறு டாக்டரம்மா, "மார்பு எக்ஸ்ரேயில் குழந்தைக்குப் போகிற கதிர் மிக மிகக் குறைவு. கவசமும் போடுவாங்க. பயம் வேண்டாம். ஆனா முடிவு உங்க பொண்ணோடதுதான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவளே யோசித்து, நாலாம் மாதம் எக்ஸ்ரேவுக்கே போனாள். சோழன் எக்ஸ்பிரஸில் சென்னை போய் வருகிறவரை நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேனோ!

இரண்டாம் தடவை மஞ்சள் பையை நான் யார் கையிலும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் அந்த மாத பாங்க் ஸ்டேட்மெண்டோடு சேர்த்துக் குண்டூசி குத்தினேன். சீட்டில் உள்ள நிகரத் தொகை, பைசா பிசகாமல் பாங்கில் ஏறியிருக்கிறதா என்று பென்சிலால் டிக் போட்டேன். மளிகைக் கணக்குப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு பெரிய காரியமா? இந்தச் சம்பளக் காகிதங்களெல்லாம் மனுப் போடும் தேதிக்கு முந்தின 28 நாளுக்குள் முடிகிறதாக இருக்கவேண்டும். நேற்றுத் தோய்த்த தயிர் மாதிரி, அதற்கு மேல் வைத்தால் புளித்துவிடும். கம்பெனிக் கடிதத்தில் சம்பளம், எப்போதிலிருந்து வேலை, எப்போதிலிருந்து இந்தச் சம்பளம், நிரந்தரமா தற்காலிகமா என்று நாலும் இருக்கிறதா என்று பார்த்தோம். முதல் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருந்தது, திருப்பி வாங்கச் சொன்னேன். சம்பந்தியம்மா, மூன்று படுக்கையறை உள்ள தங்கள் வீட்டில் மருமகள் இருக்க இடம் உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டு, வீட்டுப் பத்திர நகலோடு அனுப்பினார். முதல் மறுப்பையும் மறைக்கக் கூடாது, கேட்கிற இடத்தில் உள்ளபடி சொல்லவேண்டும். மாப்பிள்ளை மே மாதம் வந்துபோன டிக்கெட்டும், டாக்டரம்மாவின் ஸ்கான் ரிப்போர்ட்டும் பையில் புதிதாகச் சேர்ந்தன. "இதைவிட அத்தாட்சி வேணுமாடீ?" என்று மாமியார் கேட்டு அவளை வெட்கப்பட வைத்தார்.

கட்டணம் இதற்குள் 1,938 பவுண்டு ஆகியிருந்தது. ஆகஸ்ட் கடைசியில் மனு. காகிதத்தையெல்லாம் வீட்டிலேயே ஸ்கான் செய்து ஏற்றிவிட்டு, கைரேகை வைக்க மட்டும் சென்னை. நவம்பர் மூன்றாம் வாரம் விசா வந்தது. முப்பதாவது வாரத்தில் டாக்டர் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினாள். பிப்ரவரியில் பேத்தி பிறந்தபோது மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். நான் போனில் பார்த்தேன்.

விசா 33 மாதத்துக்குத்தான். அது முடிவதற்குள் மறுபடி மனு, இன்னும் ஒரு படி மேல் இங்கிலீஷ் பரீட்சை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பதற்கு, பாங்க், மின்சாரம், ஆஸ்பத்திரி என்று வெவ்வேறு இடத்திலிருந்து வந்த கடிதங்கள் ஆறாவது காட்ட வேண்டுமாம், ஒரே மாதத்தில் வந்ததாக இல்லாமல் காலம் பரவினதாக. அதனால் அவள் போய் இறங்கின வாரமே, பாங்க் கணக்கில் பெயர் சேர், தண்ணீர் பில்லில் பெயர் சேர் என்று போனில் பிடுங்க ஆரம்பித்துவிட்டேன். போன வாரம் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டே ஒரு கவரைக் காமிராவுக்கு நேரே ஆட்டினாள். "தண்ணி பில்லுல ரெண்டு பேர் பேரும் வந்தாச்சும்மா. போதுமா?"

"பிரதி எடுத்து அனுப்பு" என்றேன். மஞ்சள் பை பீரோவில் தயாராகத்தான் இருக்கிறது.