"சாப்பிட்டிட்டன் அம்மா"



எனது மகள் 2024 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகப் படிப்பை ஆரம்பித்தாள். எமது குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதற் பிள்ளை அவள்தான். 2009 இல் கணவரை இழந்தேன். செட்டிகுளம் முகாமிலிருந்து கிளிநொச்சிக்கு வந்து மீளக்குடியேறிய பின்னர், தையல் தைத்தும் கோழி வளர்த்தும் இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தேன். அவளுக்கு அனுமதிக் கடிதம் வந்த நாளில் நான் பட்ட சந்தோசத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு அவள் தொலைபேசியில் கதைப்பாள்.

"சாப்பிட்டியா பிள்ளை?"

"சாப்பிட்டிட்டன் அம்மா. நீங்கள்?"

"நானும் சாப்பிட்டிட்டன்."

முதலாம் வருடம் முடியும் தறுவாயில் ஒருநாள், எட்டு மணிக்கு முன்னரே தொலைபேசி அடித்தது. கதைத்தது அவளுடைய அறைத்தோழி. "அன்ரி, பயப்பிடாதேங்கோ. அவ படியில ஏறேக்க மயங்கி விழுந்திட்டா. ஆஸ்பத்திரியில வச்சிருக்கினம்" என்றாள். மகனை அயல்வீட்டில் விட்டுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

கணக்குக் கொப்பி

இரத்தப் பரிசோதனையில் மகளின் ஹீமோகுளோபின் அளவு 8.4 என்று வந்தது. கர்ப்பிணி அல்லாத ஒரு பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். குருதிச்சோகை என்று வைத்தியர் சொன்னார். மாற்றுடுப்பு எடுப்பதற்காக அவளுடைய அறைக்குப் போனேன். கட்டிலின் கீழே ஒரு பெட்டி நிறைய பிஸ்கற்றும் நூடில்ஸும் இருந்தன. மேசையில் ஒரு கணக்குக் கொப்பி இருந்தது. காலையில் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கற்றும். மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல், அதுவும் இரண்டு பேருக்குப் பாதி பாதி. இரவில் நூடில்ஸ். சில நாட்களில் இரவுக்கு நேரே ஒன்றுமே எழுதப்படவில்லை. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் "தம்பியின் ரியூசன்" என்று ஒரு தொகை மட்டும் தவறாமல் எழுதப்பட்டிருந்தது.

அந்தக் காசு அவளுடைய புலமைப்பரிசிலில் மிஞ்சுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அவளுடைய வயிற்றிலிருந்து எடுத்த காசு.

கஞ்சி வரிசையில் கற்ற பாடம்

அடுத்த நாள் வைத்தியர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, உங்கட வீட்டில கடைசியாச் சாப்பிடுறது ஆர்?"

"நான்தான்" என்றேன். சொல்லும்போது எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

படுத்திருந்த மகள் மெதுவாகச் சொன்னாள்: "மாத்தளனில கஞ்சி வாங்கினா அம்மா எங்களுக்குத் தந்திட்டுத் தான் குடிக்கிறேல்ல. எனக்கு ஞாபகம் இருக்கு."

அப்போது அவளுக்கு ஐந்து வயது. தம்பி கைக்குழந்தை. அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட அந்தக் கஞ்சிக்காக எத்தனை மணித்தியாலம் வரிசையில் நின்றோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த நாட்களில் நான் செய்தது சரிதான். அதைச் செய்யாவிட்டால் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் போர் முடிந்த பின்னரும் நான் அதை நிறுத்தவில்லை. 2022 இல் உணவுப் பொருட்களின் விலையேற்றம் ஒரு கட்டத்தில் 90 சதவீதத்தைத் தாண்டியபோது, எமது வீட்டில் மூன்று வேளை இரண்டு வேளையாகியது. எனக்கு அது ஒரு வேளையாகியது. பிள்ளைகள் கேட்டால் "சாப்பிட்டிட்டன்" என்பேன். என் மகள் என்னிடம் கற்றது அந்தச் சொல்லைத்தான்.

பசியை மறைப்பது தாய்மை என்று நாம் நினைக்கிறோம். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளையோ, நல்ல பெண் என்றால் பசியோடுதான் இருப்பாள் என்று விளங்கிக்கொள்கிறாள்.

இரும்புச்சத்தும் தேத்தண்ணியும்

வைத்தியர் எனக்கு விளங்கப்படுத்தியதை உங்களுக்கும் சொல்கிறேன். மாதவிடாயினால் பெண்பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாதமும் இரத்தம் குறைகிறது. அதை ஈடுசெய்ய இரும்புச்சத்து வேண்டும். அது போதாவிட்டால் களைப்பு, தலைச்சுற்று, படியேறும்போது மூச்சுவாங்குதல், படித்தது மனதில் பதியாமை என்பன ஏற்படும். "பிள்ளை சோம்பேறியாகிவிட்டாள்" என்று நாம் பேசுகிற பல பிள்ளைகளுக்கு உண்மையில் இரத்தம்தான் குறைவாக இருக்கும்.

மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் இலகுவாகச் சேரும். கீரையிலும் பருப்பு வகைகளிலும் உள்ளது அவ்வளவு இலகுவாகச் சேராது. அவற்றோடு தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யாப்பழம் போன்ற புளிப்பும் பழமும் சேர்த்துச் சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் சேருவது குறையும். ஆகவே சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்தே தேத்தண்ணி குடிக்கவேண்டும். என் மகள் பசியை அடக்குவதற்குத் தேத்தண்ணியைத்தான் குடித்திருக்கிறாள். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கூட்டிப் பாருங்கள், பத்துக் கரண்டி சீனி. சத்து ஒன்றும் இல்லை.

இரும்புச்சத்துக் குளிசையும் பூச்சிக் குளிசையும் கொடுத்தார்கள். குளிசை குடிக்கும் நாட்களில் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. களைப்புத் தீர்ந்தவுடன் குளிசையை நிறுத்திவிடக்கூடாது. வைத்தியர் சொன்ன மாதங்கள் வரை குடித்து முடிக்கவேண்டும்.

நான்கு பேர், ஒரு சட்டி

மகளின் அறையில் நான்கு பிள்ளைகள். ஒருத்தி முல்லைத்தீவு, ஒருத்தி மன்னார், ஒருத்தி மட்டக்களப்பு. நான் அங்கு நின்ற மூன்று நாட்களில் நாலு பேரையும் இருத்தி வைத்துக் கதைத்தேன். தனித்தனியே பார்சலுக்கும் பிஸ்கற்றுக்கும் கொடுக்கிற காசை ஒன்றாகப் போட்டால் என்ன சமைக்கலாம் என்று கணக்குப் பார்த்தோம். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு, குசினியின் ஒரு மூலையைப் பாவிக்க அனுமதி எடுத்தோம்.

திருநெல்வேலிச் சந்தை அவர்களுக்கு நடை தூரம்தான். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை எல்லாம் அங்கே கட்டுக்கட்டாக இருக்கின்றன. இப்போது அவர்கள் முறை வைத்துச் சமைக்கிறார்கள். காலையில் அவித்த பயறு அல்லது கடலை, தேங்காய்ப்பூவோடு. சில நாட்களில் குரக்கன் புட்டு. மத்தியானத்துக்கு விடியவே சமைத்துக் கட்டிக்கொண்டு போகிற சிவப்பரிசிச் சோறு, பருப்பு, ஒரு கீரை வறை, நெத்தலி அல்லது முட்டை. இரவில் மிஞ்சிய கறியோடு இடியப்பம் அல்லது பாண். பின்னேரத்தில் வாழைப்பழமோ கொய்யாப்பழமோ ஒன்று.

ஒருவர் ஒரு நாளைக்கு மரக்கறியும் பழமுமாக 400 கிராமாவது சாப்பிடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தராசு தேவையில்லை. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், மற்றப் பாதியில் சோறும் மீனோ பருப்போ முட்டையோ இருந்தால் ஓரளவுக்குச் சரியாக வரும். எமது வழக்கமோ சோற்றைக் குவித்துக் கறியைத் தொட்டுக்கொள்வது. அதைத்தான் மாற்றவேண்டும்.

மைதானத்தைச் சுற்றி

அந்த நால்வரில் மட்டக்களப்புப் பிள்ளைக்கு வேறு பிரச்சினை. அவள் மெலியவில்லை, ஒரே வருடத்தில் நன்றாக உடம்பு வைத்துவிட்டாள். கதிரையில் இருந்து படிப்பு, ரோல்ஸ், கொத்துரொட்டி, சோடா. அவளுடைய தாய்க்கும் அம்மம்மாவுக்கும் நீரிழிவு இருக்கிறது. எங்களைப் போன்ற தெற்காசிய மக்களுக்கு அதிகம் உடம்பு வைக்காமலே நீரிழிவு வரக்கூடும் என்பதால், அவள் இப்போதே கவனிக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

நாலு பேருமே பாடசாலையில் ஓடியவர்கள், வலைப்பந்து விளையாடியவர்கள். உயர்தரம் வந்ததும் ரியூசனுக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். விடச் சொன்னவர்களும் தாய்மாராகிய நாங்கள்தான். பல்கலைக்கழகத்தில் மைதானம் இருக்கிறது, உடற்கல்விக்கென்று ஓர் அலகும் இருக்கிறது. ஆனால் பெடியள் நிற்கிற இடத்துக்குத் தனியே போக வெட்கம். நாலு பேரும் சேர்ந்து போனால் வெட்கம் குறைகிறது. இப்போது கிழமையில் ஐந்து நாள் பின்னேரம் அரை மணித்தியாலம் வேகமாக நடக்கிறார்கள். கதைக்கக்கூடியதாக, ஆனால் பாட முடியாத அளவு வேகம். கூட்டினால் 150 நிமிடம். வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு ஆகக்குறைந்தது அவ்வளவு தேவை. மகள் மட்டும் முதல் இரண்டு மாதமும் மெதுவாக நடந்தாள். இரத்தம் குறைந்த உடம்பை வருத்தக்கூடாது.

முல்லைத்தீவுப் பிள்ளையின் காலில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. அவள் இயன்மருத்துவரிடம் கேட்டு, தனக்கு ஏற்ற பயிற்சிகளை இருந்தபடியே செய்கிறாள். இரவில் கனவு கண்டு திடுக்கிட்டு எழும்புகிறவளும் அவள்தான். பயிற்சி செய்த நாட்களில் நித்திரை பரவாயில்லை என்கிறாள். உடற்பயிற்சி மனப்பாரத்தைக் குறைக்க உதவும். ஆனால் அது மட்டும் போதாத இடத்தில் உளவளத்துணையாளரிடம் போகத் தயங்கக்கூடாது. அவளும் போகிறாள்.

வீட்டிலும் ஒரு மாற்றம்

நான் வீடு திரும்பியதும் செய்த முதல் வேலை, மகனோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டதுதான். முதல்நாள் அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். எமது கோழியின் முட்டைகள் எல்லாவற்றையும் விற்ற நான், இப்போது கிழமைக்கு ஆறு முட்டையை வீட்டுக்கென்று எடுத்துவைக்கிறேன். அதில் இரண்டு எனக்கு. தம்பியின் ரியூசன் காசுக்காக இன்னும் இரண்டு இடத்தில் தையல் எடுத்திருக்கிறேன். கஷ்டம்தான். ஆனால் அது ஒரு பிள்ளையின் இரத்தத்திலிருந்து வரும் காசு அல்ல.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது மகளின் அளவு 12.1 ஆக ஏறியிருந்தது.

சகோதரிகளே, வெளியூரில் படிக்கும் பிள்ளையிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் வரும். "என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். "இண்டைக்கு நடந்தியா?" என்றும் கேளுங்கள். அவள் திருப்பிக் கேட்கும்போது உண்மையைச் சொல்லக்கூடியதாக நீங்களும் சாப்பிட்டிருங்கள்.

நேற்றிரவும் எட்டு மணிக்கு மகள் கேட்டாள், "அம்மா, நீங்கள் என்ன சாப்பிட்டீங்கள்?"

"சோறும், முருங்கையிலை வறையும், அரை அவியலில ஒரு முட்டையும்" என்றேன். அது உண்மை.