அழுது முடித்து ஆடும் பாட்டு

'எந்திரன்' படத்தின் 'கிளிமாஞ்சாரோ' பாடல் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெயர்தான் ஆப்பிரிக்க மலையுடையது. படம் பிடித்ததோ தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் இருக்கும் மச்சு பிச்சுவில். அந்த மலை மக்களின் இசைதான், என் நிச்சயதார்த்தம் முறிந்த ஆண்டில் எனக்குத் துணையாக இருந்தது.

வானொலி அறிவிப்பாளருக்கு ஒரு சங்கடம் உண்டு. மனசு எப்படி இருந்தாலும் "வணக்கம் நேயர்களே" என்று சிரித்த குரலில்தான் தொடங்க வேண்டும். நேயர் கேட்ட காதல் தோல்விப் பாடலை ஒலியேற்றிவிட்டு, ஒலிவாங்கியை அணைத்து அழுத நாள்கள் உண்டு. வீட்டில், "மறந்துடும்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார்கள். அன்பால் சொன்னதுதான். அழுது முடிக்காததை எப்படி மறப்பது?

மாலையில் ஜெலுத்தோங் கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரமாக நடப்பேன். காதில் 'எல் காண்டோர் பாசா' ஒலிக்கும். பெரு இசையமைப்பாளர் டேனியல் அலோமியா ரோப்லெஸ் 1913-இல் ஓர் இசை நாடகத்துக்காக அமைத்தது அது. 1970-இல் சைமனும் கார்ஃபங்கலும் ஆங்கிலத்தில் பாடி, உலகமெங்கும் பரவியது. நாம் அதிகம் கேட்டது அதன் மெதுவான சோகப் பகுதியைத்தான். ரோப்லெஸின் இசை அதோடு நிற்பதில்லை. 'யாரவி' என்னும் புலம்பலில் தொடங்கி, 'வைனோ' என்னும் துள்ளலாட்டத்தில் முடியும்.

யாரவி பிரிவின் பாட்டு. கைகூடாத காதலை அதில் எழுதிப் புகழ்பெற்ற கவிஞர் மரியானோ மெல்கார், ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியில் பிடிபட்டு 1815-இல், 24 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வளவு கனமான பாட்டு வகைக்குப் பின்னாலும் அந்த மக்கள் வைனோவுக்குக் கால் தூக்குகிறார்கள். நமக்கும் இது புதிதல்லவே. துக்க வீட்டு வாசலில் ஒப்பாரியும் பறையாட்டமும் சேர்ந்தே நடக்கும்.

அவர்களிடம் 'சிகு' என்றொரு குழல் இருக்கிறது. அதன் சுரங்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து, இருவர் கையில் இருக்கும். ஒருவர் விட்ட சுரத்தை மற்றவர் ஊதினால்தான் மெட்டு முழுமையாகும். இதைப் படித்த அன்றிரவு தோழியை அழைத்து, "என்னால முடியலடி" என்றேன். மறுநாள் முதல் அவளும் நடக்க வந்தாள். சில வாரங்களில் சிரிப்பும் வந்தது.

உங்கள் வீட்டிலும் மனம் உடைந்த பிள்ளை இருக்கலாம். "மறந்துடு" என்று அவசரப்படுத்தாதீர்கள். சோகப் பகுதி முழுவதும் ஒலிக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். துள்ளல் தாளம் தன் நேரத்தில் வரும்.