சிவப்பு விளக்கு எரிந்தால் பேயா?

யூடியூப் பேய் வேட்டைக்காரர்கள் பலர் கையிலும் இருப்பது கே2 மீட்டர். உள்ளங்கையில் அடங்கும் கருவி. முகப்பில் ஐந்து குட்டி விளக்குகள், பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். பாழடைந்த பங்களாவில் நள்ளிரவில் சிவப்பு எரிந்தால் "வந்துருச்சு!" என்பார்கள். நம் வீட்டில் பட்டப்பகலில், ஓடுகிற மிக்ஸி பக்கம் நீட்டினாலும் அதே விளக்குதான் எரியும்.

கருவி பொய் சொல்லவில்லை. அது அளப்பது மின்காந்தப் புலத்தை. நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், பழைய வயரிங், சட்டைப்பையில் இருக்கும் செல்போன் என எதுவும் அதை உசுப்பிவிடும்.

'ஸ்பிரிட் பாக்ஸ்' இன்னும் வேடிக்கை. ரேடியோ அலைவரிசைகளை நிற்காமல் தாவும் பெட்டி அது. துண்டு துண்டாக விழும் ஒலியைச் சொல்லாகக் கோப்பது கேட்பவரின் மூளை. "உன் பேரென்ன?" என்று கேட்டுவிட்டால், அடுத்து வரும் இரைச்சல் பெயராகத்தானே கேட்கும்!

சிலிர்ப்பு மட்டும் நிஜம். இங்கிலாந்துப் பொறியாளர் விக் டேண்டி தன் ஆய்வகத்தில் ஓரக்கண்ணில் ஒரு சாம்பல் உருவத்தைக் கண்டார். மறுநாள் பட்டறைப் பிடியில் அவர் இறுக்கிய வாள்வீச்சு வாள் தானாக அதிர்ந்தது. குற்றவாளி, புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன். அது எழுப்பிய, காதுக்கு எட்டாத சுமார் 19 ஹெர்ட்ஸ் ஒலி. 1998-இல் இதைக் கட்டுரையாக்கினார். ஒருவர் அனுபவம்தான், எல்லாப் பேய்க்கும் இதுவே விடையல்ல.

இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூருக்கு மீட்டரே தேவைப்படவில்லை. பேய் வீடென்றால் அங்குள்ள மனிதர்களைத்தான் விசாரிப்பார். மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.