பட்டிக்குக் காவல்: பெட்டை நாய்க்குச் சிறு துளைக் கருத்தடை

செஞ்சி வட்டாரத்தில் மானாவாரிக் கொல்லையும் ஐந்தாறு ஆடும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அதிகம். மல்லாட்டை விலை இறங்கினாலும் மழை பொய்த்தாலும், வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு இரண்டு ஆட்டை ஓட்டிப்போய்த்தான் பள்ளிக்கூடச் செலவையும் விதைச் செலவையும் சரிக்கட்டுகிறார்கள். அந்த ஆட்டை இரவில் நாய்க்கூட்டம் பட்டிக்குள் புகுந்து குதறிப்போட்டால், நஷ்டம் செத்த ஆட்டோடு நிற்பதில்லை. மிரண்டு ஓடிய சினை ஆடுகளுக்குச் சினை கலைந்துவிடும். கடித்த நாய்க்கு வெறி இருந்திருந்தால், உயிர் தப்பிய ஆடும் பின்னால் வெறி கண்டு சாகும். 2024, 2025ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கங்களில் ஏராளமான ஆடுகள் இப்படி மடிந்து, விவசாயிகள் சாலையில் இறங்கிப் போராடியதும், அரசு இழப்பீடு வழங்க முன்வந்ததும் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிந்ததே.

இந்த நாய்கள் காட்டிலிருந்து வந்தவையல்ல. பெரும்பாலும் நம் வீட்டுப் பெட்டை ஈன்ற குட்டிகளும், அவற்றின் குட்டிகளுமே. கடுவன் குட்டிக்கு ஆள் கிடைத்துவிடுகிறது. பெட்டைக் குட்டியை ஏரிக்கரையிலோ சந்தைத் திடலிலோ விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். பெட்டை நாய் 6 முதல் 12 மாத வயதுக்குள் பருவத்துக்கு வருகிறது. பிறகு ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு முறை பருவம் வரும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள்தான். ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டிகள் என்பது சாதாரணம். தெருவில் விடப்பட்ட குட்டிகளில் பெரும்பாலானவை செத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் பிழைத்த ஒன்றிரண்டும் பெட்டையாக இருந்தால் அடுத்த ஆண்டு கணக்கு மறுபடி தொடங்கிவிடும். செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்திருக்கிறது. வருவோர் தொகை கூடினால் அவர்கள் வீசிவிட்டுப் போகும் எச்சில் உணவும் கூடும். அதை உண்டு வளரும் நாய்களும் கூடும் என்பதை இப்போதே எண்ணிப்பார்ப்பது நல்லது.

பிடித்துக் கொன்றால் தீராதா என்று கேட்பார்கள். சென்னையில் 1860ஆம் ஆண்டு தொட்டே தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தார்கள். நாய்கள் குறையவில்லை. கொல்லப்பட்ட நாயின் இடத்துக்கும் அது தின்ற எச்சிலுக்கும் பக்கத்துத் தெரு நாய் வந்து சேர்ந்தது. 1964 முதலே 'புளூ கிராஸ்' அமைப்பினர் கருத்தடையை வலியுறுத்தி வந்தும், மாநகராட்சி 1996இல்தான் கொல்வதை விட்டு அந்த வழிக்கு வந்தது.

அறுவை என்றால் அச்சம்

'பெட்டைக்குக் கருத்தடை செய்துவிடுங்கள்' என்று சொன்னால் நம் மக்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. வயிற்றை நீளமாகக் கிழிக்க வேண்டும், நாய் பத்து நாள் எழுந்திருக்காது, தையல் பிரிந்தால் குடல் வெளியே வந்துவிடும், அதுவரை கொல்லைக்கு யார் காவல் என்பார்கள். பழைய முறையில் இவற்றில் ஓரளவு உண்மை இருந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது.

முதலில் இந்த அறுவையில் எதை எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோம். பெண்களுக்கான குடும்பநல அறுவையில் கருக்குழாயை மட்டும் அடைக்கிறார்கள். சினைப்பைகள் இருந்தபடியே இருக்கும். நாய்க்கு இது போதாது. குழாயை மட்டும் அடைத்தால் குட்டி பிறக்காதே தவிர, பருவம் தவறாமல் வரும், கடுவன்கள் வாசலில் கூடிச் சண்டையிடும், பொய்ச்சினை வரும், வயதான பின் கருப்பையில் சீழ் கட்டும். இவை அனைத்தும் சினைப்பை சுரக்கும் ஹார்மோன்களால் நேர்பவை. ஆகவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்தே ஆகவேண்டும். கருப்பையையும் சேர்த்து எடுப்பது நெடுநாள் வழக்கம். நெதர்லாந்து நாட்டில் 1980களிலிருந்தே சினைப்பைகளை மட்டும் எடுத்து வருகிறார்கள். நோயில்லாத இளம் பெட்டைக்குக் கருப்பையை விட்டுவைப்பதால் பின்னாளில் கெடுதல் எதுவும் தெரியவில்லை. எடுக்க வேண்டியது சிறியதானால் திறக்க வேண்டிய வாயிலும் சிறியதாகிவிடுகிறது அல்லவா?

சினைப்பை மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். சிறுநீரகத்தை ஒட்டி, முதுகுப்புறமாக ஒளிந்திருக்கும். கடைசி விலா எலும்பிலிருந்து வரும் ஒரு விறைப்பான நாண் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது. வலப்பக்கத்துச் சினைப்பை இன்னும் ஆழத்தில் இருக்கும். பழைய முறையில் மருத்துவர் விரலை விட்டு இந்த நாணை இழுத்து அறுத்துத்தான் சினைப்பையை வெளியே கொண்டுவருவார். நாய்க்கு மிகுந்த வலி தருவது தோலை வெட்டுவதைவிட இந்த இழுப்பே. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஆழ்ந்த மார்புடைய நாய்களில் இந்த வேலை இன்னும் கடினம்.

துளை வழி அறுவை

லேப்ராஸ்கோப் முறையில் நாயை மயக்கத்தில் ஆழ்த்தி, வயிற்று மயிரை மழித்து மல்லாத்திப் படுக்க வைக்கிறார்கள். தொப்புள் அருகே ஒரு துளையிட்டுக் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைப் பந்துபோல் உப்ப வைப்பார்கள். உறுப்புகள் விலகி இடம் கிடைக்கும். 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவுள்ள அந்தத் துளை வழியாகக் காமிரா குழாய் உள்ளே போகிறது. உள்ளே இருப்பது திரையில் தெரியும். இன்னும் ஒன்றிரண்டு துளைகள் வழியாகக் கருவிகளை நுழைத்து, சினைப்பையைத் தூக்கிப் பிடித்து, நாணையும் இரத்தக் குழாயையும் மின்சூட்டால் ஒட்டவைத்து வெட்டுகிறார்கள். இழுப்பு இல்லை; இரத்தக் கசிவும் குறைவு. நாயை மறுபக்கம் சாய்த்து அடுத்த சினைப்பையையும் இப்படியே எடுத்துவிட்டு, வாயுவை வெளியேற்றி, துளைக்கு ஒன்றிரண்டு தையல் போட்டுவிடுவார்கள்.

இதன் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சிறிய வகை நாய்களுக்கு அசைவை அளக்கும் கருவியைக் கட்டிவைத்து ஒப்பிட்டார்கள். அறுவைக்குப் பின், வயிற்றைத் திறந்து செய்த நாய்களின் நடமாட்டம் 62 சதவீதம் குறைந்தது. துளை வழி செய்த நாய்களில் குறைந்தது 25 சதவீதம்தான்.

ஆனால் விவசாயப் பெருமக்களுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தக் கருவிகள் விலை மிகுந்தவை, கைப்பழக்கமும் வேண்டும். சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய போதனா மருத்துவமனைகளிலும், பெருநகரங்களின் சில தனியார் மருத்துவமனைகளிலும்தான் இவ்வசதியை எதிர்பார்க்கலாம். செஞ்சிக்காரர்களுக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டம். போகுமுன் அங்கே கேட்டுக்கொள்ளவும். விலைமதிப்புள்ள இன நாய் வைத்திருப்பவர்கள் அந்தச் செலவையும் அலைச்சலையும் ஏற்கலாம். கொல்லை காக்கும் நாட்டுப் பெட்டைக்காகக் காமிராவை எதிர்பார்த்துக் காத்திருப்பது தேவையில்லை என்பதே என் அபிப்பிராயம். காத்திருக்கும் ஒவ்வொரு பருவமும் ஓர் ஈற்று.

ஏனெனில் காமிரா இல்லாமலே சிறு வெட்டில் செய்யும் முறை நம்மிடம் இருக்கிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் திறந்து, முனை வளைந்த ஒரு சிறு கொக்கியால் கருப்பையின் கொம்பைத் தேடி எடுத்து, அதைப் பற்றிக்கொண்டே சினைப்பையை எட்டுகிறார்கள். அடிவயிற்றின் நடுவில் திறப்பதும் உண்டு. பக்கவாட்டில் திறப்பதும் உண்டு. மாட்டுக்குப் பசிக்குழி என்கிறோமே, ஏறக்குறைய அந்த இடம். பக்கவாட்டு வெட்டின் நன்மை என்னவென்றால், நாயைப் பிடித்துப் புரட்டாமல் தூரத்திலிருந்தே காயத்தைப் பார்க்கலாம். குடலின் பாரம் தையலின்மேல் விழாது. பால்மடி குறுக்கே வராது. தானே கரையும் நூலால் தோலுக்கு அடியில் தைத்துவிட்டால் தையல் பிரிக்கவும் வேண்டியதில்லை. நீலகிரியில் உலகக் கால்நடை மருத்துவச் சேவை என்ற தொண்டு நிறுவனத்தின் பயிற்சி மையத்தில் இத்தகைய அறுவையில் நம் நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் பயிற்சி பெற்று வருகிறார்கள்.

எந்த முறையானாலும் மயக்க மருந்தின் ஆபத்து ஒன்றேதான். துளை சிறிது என்பதற்காக அதை இலேசாக எண்ணக் கூடாது. இரத்தக் கசிவு கண்டால் மருத்துவர் வெட்டைப் பெரிதாக்குவார். அதைக் குறையாகக் கொள்ளாதீர்கள். பெரிய உடம்புள்ள சில பெட்டைகளுக்குப் பின்னாளில் தூக்கத்தில் சிறுநீர் கசிவதுண்டு. அதற்கு மருந்து இருக்கிறது. உடம்பு போடும் தன்மை வருவதால் தீனியை நான்கில் ஒரு பங்கு வரை குறைத்துக்கொள்ளலாம். காவல் குணம் போய்விடும் என்பது தவறான எண்ணம். 'ஓர் ஈற்றாவது ஈன்றால்தான் உடம்புக்கு நல்லது' என்பதற்கும் ஆதாரமில்லை. பருவத்தைத் தள்ளிப்போட ஹார்மோன் ஊசி போடுவதும், மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுப்பதும் கருப்பையில் சீழ் கட்டுவதற்கு வழி செய்யும்.

எப்போது, எப்படி?

ஆறு மாத வயதில், முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிடுவது உத்தமம். நம் பக்கத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரிவதைப் பார்க்கிறோம். எனவே ஆடி, ஆவணியில் செய்துவிட்டால் அந்த ஈற்றுத் தவிரும். பருவத்தில் இருக்கும்போது இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும்; அப்போது வேண்டாம். குட்டி போட்டிருந்தால் பால் வற்றும்வரை பொறுக்கலாம். முதல் நாள் இரவுக்குப் பிறகு வளர்ந்த நாய்க்குச் சோறு போடக் கூடாது. காலைவரை தண்ணீர் கொடுக்கலாம். வீடு திரும்பியதும் பத்து நாள் காயத்தை நக்கவிடாமல் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டவும். இல்லையேல் பழைய பனியனைக் கால்கள் நுழைத்து உடம்பில் அணிவிக்கலாம். சேற்று வயலுக்கும் எருக்குழிக்கும் விடவேண்டாம். சாம்பல், மஞ்சள், வேப்பெண்ணெய் எதையும் காயத்தில் பூசாதீர்கள். அதே சமயம் வெறிநோய்த் தடுப்பூசியையும் போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

ஒரு வீட்டுக்காரர் மட்டும் செய்து பயனில்லை. ஜெய்ப்பூரில் 1994 முதல் 2002 வரை நடந்த பணியில், பெட்டைகளில் 65 சதவீதத்துக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஆன நிலையில் நாய்த் தொகை 28 சதவீதம் குறைந்தது. பணி நடந்த பகுதியில் மனிதர்களுக்கு வெறிநோய் வருவதும் நின்றது. அதாவது ஊரில் மூன்று பெட்டை இருந்தால் இரண்டுக்காவது ஆகவேண்டும். வீட்டு நாய்க்குச் செய்வது உரிமையாளர் பொறுப்பு. தெரு நாய்க்குச் செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. 2023ஆம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. கிராமசபையில் மனு கொடுக்கும்போது நாய்த் தொல்லை என்று பொதுவாக எழுதாமல், ஊரில் எத்தனை பெட்டை என்று எண்ணி எழுதிக் கொடுங்கள். முகாமுக்குத் திட்டமிட அது உதவும்.

ஆட்டை நாய் கடித்துவிட்டால் அன்றே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் ஊசி வரிசையைத் தொடங்க வேண்டும். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்வது அவசியம். மனிதரைக் கடித்தாலும் முதலில் இப்படியே கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பூனையைப் பற்றியும் கேட்பார்கள். நெல், மல்லாட்டை மூட்டைகளுக்கு எலிக்காவல் அதுதான். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கக்கூடியது. பால் கொடுக்கும்போதே மறுசினை ஆகிவிடும். ஆகவே நாலாம் மாதம் முதலே செய்யலாம். பூனைக்குச் சினைப்பையைப் பிடித்திருக்கும் நாண் தளர்வானது. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வெட்டிலேயே எளிதாக வெளியே வந்துவிடும். பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் அறுவைக்குப் பின் வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக்கூடப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். மனிதனுக்கு மருந்தான அது பூனைக்கு விஷம்.