சாவி யார் கையில் இருந்தது? ஸ்டேடியத்தில் நெரிசல் என்றால் ரசிகர்கள் மேல் மட்டும் பழி போடலாமா?

ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்கு அன்று மெயினருவிக்கு போகும் நடைபாதையில் நின்று பார்த்தவர்களுக்கு கூட்டம் என்றால் என்ன என்று தெரியும். குழந்தையை தோளில் தூக்கியவர், எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவர், மீன் வறுவல் பொட்டலத்தோடு நிற்பவர் என்று எல்லோரும் ஒரே வழியில்தான் போகணும், ஒரே வழியில்தான் வரணும்.

காவிரியில் தண்ணீர் கூடினால் இங்கே என்ன நடக்கும்? எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளக்கிறார்கள். அளவு மீறினால் அருவியில் குளிக்கவும், பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது. நடைபாதையை அடைத்துவிடுகிறார்கள். "இவ்வளவு தூரம் வந்தோமே" என்று சுற்றுலா பயணிகள் புலம்புவார்கள். ஆனால், "ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருதுன்னு நீங்களே அளந்துட்டு வந்திருக்கணும்" என்று யாரும் அவர்களை திட்டுவதில்லை. அளப்பது அதிகாரிகள் வேலை. தடையை மீறாமல் இருப்பது பயணிகள் வேலை.

தண்ணீருக்கு இருக்கிற இந்த கணக்கு, மனிதர் கூட்டத்துக்கு மட்டும் மறந்துபோகிறது. விளையாட்டு மைதானத்தில் நெரிசலில் சிக்கி 10 பேர், 50 பேர் இறந்துவிட்டால் முதலில் வரும் பேச்சு, "ரசிகர்கள் வெறி பிடிச்சு ஓடினாங்க, அதான் செத்தாங்க" என்பதுதான். இது உண்மைதானா? நடந்த சம்பவங்களையே வரிசையாக பார்ப்போம்.

பெங்களூரில் எதிரணியே இல்லை

பக்கத்து மாநிலத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 ஜூன் 3-ந் தேதி பெங்களூர் அணி முதல் முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி ஸ்டேடியத்தில் பாராட்டு விழா. வெற்றி ஊர்வலம் உண்டு என்று ஒரு அறிவிப்பு. ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை என்று போலீஸ் தரப்பில் இன்னொரு அறிவிப்பு. இலவச பாஸ் என்றும் சொன்னார்கள். சுமார் 35 ஆயிரம் பேர் உட்காரக்கூடிய ஸ்டேடியத்தை நோக்கி லட்சக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள். கேட்டுகளில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் பரிதாபமாக இறந்தனர். வெளியே சாவு விழுந்த நேரத்தில் உள்ளே விழா நடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அன்று அங்கே எதிரணி ரசிகர் ஒருவர்கூட இல்லை. சண்டை இல்லை. எல்லோரும் சந்தோஷமாக வந்தவர்கள். அப்படி இருந்தும் 11 உயிர் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி கரூரில் அரசியல் பிரசார கூட்டத்தில் 41 பேர் இறந்தது நமக்கு ஆறாத காயம். அது விளையாட்டே கிடையாது. ஆக, "மோதல்தான் சாவுக்கு காரணம்" என்ற பேச்சு முதலிலேயே அடிபட்டு போகிறது.

கொல்கத்தா ஈடன் கார்டனில் 16 பேர் பலி

சரி, மோதல் இருந்த இடத்தை பார்ப்போம். இந்திய கால்பந்தில் பரம எதிரிகள் என்றால் கொல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும்தான். 1980 ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் கார்டனில் இரு அணிகளும் மோதின. ஆட்டத்தில் இரண்டு வீரர்கள் முட்டிக்கொண்டார்கள். நடுவர் இருவரையும் வெளியேற்றினார். அந்த சூடு அப்படியே கேலரிக்கு ஏறியது. அடிதடி, கல்வீச்சு, தள்ளுமுள்ளு. தப்பிக்க ஓடியவர்கள் நெரிசலில் சிக்கினார்கள். மேலே இருந்து குதித்தவர்களும் உண்டு. 16 ரசிகர்கள் உயிரிழந்தனர்.

கல்லை எடுத்தவன் செய்தது தப்பு. அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் இரு அணி ரசிகர்களையும் ஒரே கேலரியில் கலந்து உட்கார வைத்தது யார்? டிக்கெட் வாங்கியவன் சீட்டு போட்ட இடத்தில்தானே உட்காருவான்! இன்றைக்கும் ஆகஸ்டு 16-ந் தேதியை கொல்கத்தாவில் கால்பந்து ரசிகர்கள் தினமாக கடைப்பிடித்து, ரத்ததானம் செய்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ரசிகர்களே குற்றவாளியான ஹெய்சல்

ரசிகர்கள் மேல் தப்பே கிடையாதா? உண்டு. 1985 மே 29-ந் தேதி பெல்ஜியம் நாட்டு தலைநகர் பிரஸ்சல்சில் உள்ள ஹெய்சல் ஸ்டேடியத்தில் ஐரோப்பிய கோப்பை இறுதிப்போட்டி. இங்கிலாந்தின் லிவர்பூல் ரசிகர்கள், இத்தாலியின் யுவென்டஸ் ரசிகர்கள் இருந்த பக்கம் பாய்ந்து விரட்டினார்கள். ஒதுங்க இடமில்லாமல் ஜனங்கள் சுவரோடு நசுங்கினார்கள். சுவர் இடிந்தது. 39 பேர் பலி.

14 லிவர்பூல் ரசிகர்களுக்கு கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. இங்கிலாந்து கிளப்புகள் ஐரோப்பிய போட்டிகளில் ஆட 5 ஆண்டு தடை வந்தது. ஆனால் கோர்ட்டு அதோடு விடவில்லை. கால்பந்து சங்க நிர்வாகி ஒருவரும், போலீஸ் அதிகாரி ஒருவரும்கூட குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பழைய, சிதிலமான ஸ்டேடியம். இரு தரப்புக்கும் நடுவே பேருக்கு ஒரு கம்பி வேலி. பாய்ந்தவனும் குற்றவாளி, பாய வழி விட்டவனும் குற்றவாளி என்பதுதான் அந்த தீர்ப்பின் சாரம்.

செத்தவர் மேல் பழி போட்ட ஹில்ஸ்பரோ

ஹெய்சல் சம்பவத்துக்கு பிறகு லிவர்பூல் ரசிகர் என்றாலே ரவுடி என்ற முத்திரை விழுந்துவிட்டது. அந்த முத்திரை அடுத்த 4 ஆண்டில் என்ன செய்தது பாருங்கள்.

1989 ஏப்ரல் 15-ந் தேதி. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ ஸ்டேடியம். லிவர்பூல் - நாட்டிங்காம் பாரஸ்ட் அரை இறுதி. நின்று பார்க்கும் பகுதிக்கு டிக்கெட் வாங்கிய சுமார் 10 ஆயிரம் லிவர்பூல் ரசிகர்கள் நுழைய இருந்தது வெறும் 7 சுழல் கதவுகள்! வெளியே கூட்டம் பிதுங்கியது. போலீஸ் அதிகாரி ஒரு பெரிய கேட்டை திறக்க சொன்னார். திறந்தார்கள். உள்ளே வந்தவர்கள் நேர் எதிரே தெரிந்த சுரங்கப்பாதையில் போனார்கள். அது ஏற்கனவே நிரம்பி வழிந்த நடு கூண்டுக்கு போகும் பாதை. அதை அடைத்து, ஓரத்தில் காலியாக இருந்த கூண்டுகளுக்கு திருப்பிவிட ஆள் இல்லை. முன்னால் இரும்பு வேலி. பின்னால் வருகிறவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. 97 பேர் உயிரிழந்தனர். 97-வது நபர் 32 ஆண்டு அவதிப்பட்டு 2021-ல் இறந்தார்.

கேட்டை திறக்க சொன்ன அதிகாரி, "ரசிகர்களே உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்" என்று அன்றே சொன்னார். குடிபோதையில் வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று செய்தி பரவியது. லண்டன் பத்திரிகை ஒன்று, ரசிகர்கள் பிணத்திடமே திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் போட்டது. அத்தனையும் பொய். பின்னர் அந்த பத்திரிகையே மன்னிப்பு கேட்டும், லிவர்பூல் ஊரில் இன்றும் பலர் அதை கையால் தொடுவதில்லை.

இறந்தவர்களின் குடும்பத்தினர் 27 ஆண்டு போராடினார்கள். போலீசாரின் வாக்குமூலங்கள் 160-க்கும் மேல் திருத்தப்பட்டது 2012-ல் வெளிச்சத்துக்கு வந்தது. 2016-ல் நடுவர் குழு தீர்ப்பு சொன்னது: இது சட்டவிரோத மரணம், ரசிகர்கள் மேல் எந்த தப்பும் இல்லை. ஆனாலும் அந்த அதிகாரி 2019-ல் விடுதலை ஆனார்.

இன்னொரு கொடுமை. அதே ஸ்டேடியத்தில், அதே பக்கத்தில், 1981-லேயே நெரிசலில் 38 பேர் காயம் அடைந்திருந்தார்கள். எச்சரிக்கை வந்தது. கேட்க ஆள் இல்லை.

கண்ணீர் புகையும் குறுகிய கதவும்

2022 அக்டோபர் 1-ந் தேதி இந்தோனேசியாவின் மலாங் பகுதியில் அரேமா அணி சொந்த மண்ணில் தோற்றது. மோதலுக்கு பயந்து எதிரணி ரசிகர்களை அன்று உள்ளேயே விடவில்லை. தோல்வி தாங்காமல் சிலர் மைதானத்தில் இறங்கினார்கள். போலீசார் கண்ணீர் புகை குண்டு வீசினார்கள், கேலரியை நோக்கியும்! ஸ்டேடியத்துக்குள் இதை பயன்படுத்தவே கூடாது என்பது சர்வதேச கால்பந்து சம்மேளனத்தின் விதி. கண் எரிந்து, மூச்சு முட்டி ஓடியவர்கள் குறுகிய கதவுகளில் சிக்கினார்கள். 135 பேர் பலி. குழந்தைகளும் அதில் அடக்கம். போட்டி அமைப்பாளரும் போலீஸ் அதிகாரிகளும் தண்டனை பெற்றனர்.

எப்படி சாகிறார்கள்?

நெரிசல் சாவு என்றால் மிதிபட்டு சாவது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நின்றபடியே சாகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் 4 பேர் வரை நின்றால் சமாளிக்கலாம். 6, 7 பேர் ஆகிவிட்டால் கால் நம் பேச்சை கேட்காது. கூட்டம் தண்ணீர் மாதிரி அலை அடிக்கும். நெஞ்சு விரிய இடம் இருக்காது. சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடும். அந்த நிலைக்கு வந்த பிறகு அவன் நல்ல ரசிகனா, கெட்ட ரசிகனா என்பதெல்லாம் எடுபடாது. அதற்கு முன்பே வாசலில் எண்ணி நிறுத்தியிருக்க வேண்டும்.

நம்ம ஊர் போட்டிக்கும் இதே கணக்குதான்

"அதெல்லாம் பெரிய ஊர் சமாசாரம்" என்று விட்டுவிட முடியாது. 2022 மார்ச்சில் கேரள மாநிலம் மலப்புரம் மாவட்டத்தில், உள்ளூர் கால்பந்து போட்டிக்கு கட்டிய தற்காலிக கேலரி சரிந்து சுமார் 200 பேர் காயம் அடைந்தார்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் போட்டி நடத்துகிற நம்ம ஊர் இளைஞர்கள் இதை கவனிக்க வேண்டும்.

போட்டி நடத்துபவர்கள்: மூங்கில், சவுக்கு கட்டை கேலரியை இன்ஜினீயர் பார்க்காமல் ஆள் ஏற்றக்கூடாது. வரும் வழி வேறு, போகும் வழி வேறு இருக்கணும். ஆட்டம் நடக்கும்போது எந்த கேட்டும் பூட்டி இருக்கக்கூடாது. சாவியோடு ஒரு ஆள் அங்கேயே நிற்கணும். இடம் நிரம்பினால், காசு வந்தாலும் டிக்கெட் கொடுப்பதை நிறுத்தணும். இரு ஊர் ரசிகர்களுக்கும் தனித்தனி பக்கம் வேண்டும். அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை ஜெயில் உண்டு.

ரசிகர்கள்: டிக்கெட் இல்லாமல் கேட்டை முட்டாதீர்கள். பாட்டில், கல், பட்டாசு வேண்டாம். உள்ளே போனதும் வெளியேறும் வழி எங்கே என்று முதலில் பாருங்கள். நெரிசலில் சிக்கினால் செருப்பு, செல்போன் விழுந்தாலும் குனியாதீர்கள். இரு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் விடுங்கள். எதிர்த்து தள்ளாதீர்கள். அலை அடங்கும்போது குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். சுழலில் சிக்கியவன் எதிர்நீச்சல் போட்டு களைத்துப் போவான் என்பது ஒகேனக்கல்காரர்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எதிரிகள் ஒன்றாக நின்ற நாள்

2024 ஆகஸ்டு 18-ந் தேதி கொல்கத்தாவில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் போட்டி ரத்தானது. பெண் டாக்டர் கொலைக்கு நீதி கேட்டு நகரமே கொதித்த நேரம் அது. போட்டி இல்லை என்றதும் இரு அணி ரசிகர்களும் சால்ட் லேக் ஸ்டேடியம் முன்பு ஒன்றாக திரண்டு குரல் கொடுத்தார்கள். 1980-ல் கல்லெறிந்து கொண்ட அதே இரண்டு கூட்டம்தான். மழையில் தோளோடு தோள் நின்றது.

போட்டி என்றால் கிண்டல் இருக்கும், கோஷம் இருக்கும், தோற்றால் அழுகையும் இருக்கும். அது ரசிகனின் உரிமை. கை நீட்டினால் அது குற்றம், தண்டனை கொடுங்கள். ஆனால் அடுத்த முறை எங்காவது நெரிசல் சாவு என்று செய்தி வந்தால், "கூட்டம் ஏன் ஓடியது?" என்று மட்டும் கேட்டுவிட்டு டீயை குடித்துவிட்டு போய்விடாதீர்கள்.

எத்தனை பேரை உள்ளே விட்டார்கள்? எத்தனை கேட் திறந்திருந்தது? சாவி யார் கையில் இருந்தது? இந்த மூன்றையும் கேளுங்கள்.