நெடுந்தொடர் நடிகர்கள்: தேவை கெளரவமா, ஒப்பந்தமா?

புது தில்லி: தலைநகரின் மண்டி ஹவுஸ் வட்டாரத்தில் தேசிய நாடகப் பள்ளியும் தூர்தர்ஷன் தலைமையகமும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்துள்ளன. ஆனால், இவ்விரு நிறுவனங்களுக்கும் இடையிலான மனத்தொலைவு மிக நீண்டது. மேடைப் பயிற்சி பெற்ற ஹிந்தி நடிகர்கள் பலருக்குத் தொலைக்காட்சி நெடுந்தொடர் என்பது வயிற்றுப்பாட்டுக்கான வேலை மட்டுமே. கலை வேறெங்கோ இருந்தது. அதை "வேலை" என்றே நடிகர்கள் கருதினர். சட்டமோ, அண்மைக்காலம் வரை அவர்களைத் தொழிலாளர்களாகக் கருதவில்லை.

இந்தியாவின் முதல் நெடுந்தொடரான "ஹம் லோக்' 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கி, 17 மாதங்கள் ஒளிபரப்பானது. அதில் நடித்தவர்களில் பலர் மேடையிலிருந்து வந்தவர்கள். நாடு முழுவதும் முகம் தெரிந்தவர்களாக ஒரே ஆண்டில் மாறினர். ஆனால், ஏற்ற கதாபாத்திரத்தின் பெயரிலேயே வாழ்நாள் முழுவதும் அழைக்கப்படும் நிலையும் அப்போதுதான் தொடங்கியது.

பகல் நேரத்தின் கதை

பிற்பகல் நேரம் விளம்பரதாரர்களின் கண்ணில் பட்டது 1990-களில்தான். 1994-ல் வந்த "சாந்தி' மந்திரா பேடியை ஒரே தொடரில் பிரபலமாக்கியது. அடுத்த ஆண்டு மகேஷ் பட் இயக்கத்தில் "ஸ்வாபிமான்' வந்தது. தில்லி மேடைகளில் பெயர் பெற்றிருந்த மனோஜ் பாஜ்பாய், தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற ஆசுதோஷ் ராணா ஆகியோர் அதில் நடித்தனர். சினிமாவே மனோஜ் பாஜ்பாயின் இலக்கு. மும்பையில் வாய்ப்பின்றிப் பணநெருக்கடியில் இருந்தபோது, குறைந்த ஊதியத்துக்கு அத்தொடரை ஏற்றார். 1998-ல் வெளியான "சத்யா' அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

தொடர் என்பது கடந்து செல்லும் பாலம் என்ற எண்ணத்துக்கு இத்தகைய வெற்றிகள் உரமிட்டன. தமிழர்கள் நன்கறிந்த மாதவனும் 1990-களில் "பனேகி அப்னி பாத்' உள்ளிட்ட ஹிந்தித் தொடர்களில் நடித்த பிறகே 2000-ல் "அலைபாயுதே' நாயகனானார். அதே தொடரில் நடித்த இர்ஃபான் கானுக்கோ, நாடகப் பள்ளியிலிருந்து வெளியேறிய பின் தொலைக்காட்சியிலேயே பல ஆண்டுகள் கழிந்தன.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. 1992-ல் "ஜான் தேரே நாம்' படத்தில் நாயகனாக அறிமுகமான ரோனித் ராய்க்குப் பின்னர் பட வாய்ப்புகள் வறண்டன. அவரை மீட்டது நெடுந்தொடர். அந்த மறுவாழ்வுக்குப் பிறகே 2010-ல் "உடான்' படம் அவருக்குப் பாராட்டைத் தேடித்தந்தது. பாலத்தைக் கடந்தவர்களின் பெயர்கள் நினைவில் நிற்கின்றன. பாலத்திலேயே தங்கிவிட்டவர்கள் எண்ணிக்கையில் பல மடங்கு.

பகல் ஒளிபரப்பின் விளம்பர வருவாய் இரவு நேரத்தைவிடக் குறைவு. எனவே, தயாரிப்புச் செலவிலும் கைவைக்கப்படுகிறது. ஸ்டார் பிளஸ் 2017 ஏப்ரலில் புதிய தொடர்களுடன் பிற்பகல் வரிசை ஒன்றைத் தொடங்கியது. சுமார் ஆறு மாதங்களில் அதைக் கைவிட்டது. ஓராண்டு வருமானம் உறுதி என்று நம்பி ஒரு தொடரை ஏற்கும் நடிகருக்கு, ஒளிபரப்பு நேரமே இல்லாமல்போவது வேலையிழப்புதான்.

தினக்கூலியும் 90 நாள் காத்திருப்பும்

ஹிந்தித் தொடர்களில் பெரும்பாலான நடிகர்களுக்கு நாள் கணக்கில் ஊதியம் பேசப்படுகிறது. படப்பிடிப்பு நாள் என்பது பொதுவாக 12 மணி நேரம். தினசரி ஒளிபரப்பின் அவசரத்தில் அது நீள்வதும் உண்டு. நடித்த நாளிலிருந்து ஏறத்தாழ 90 நாள்களுக்குப் பின்னரே பணம் கைக்கு வருவது மும்பை வழக்கம். அதாவது, தயாரிப்பாளருக்கு மூன்று மாதங்கள் வட்டியில்லாக் கடன் தருபவர் நடிகர். 2020-ல் பொதுமுடக்கம் வந்தபோது, நிலுவைக்காகக் காத்திருந்த பலர் வாடகை கட்டவே திணறினர்.

அதே ஆண்டில், 65 வயதைக் கடந்த கலைஞர்கள் படப்பிடிப்புத் தளத்துக்கு வரக்கூடாது என மகாராஷ்டிர அரசு தடை விதித்தது. தாத்தா, பாட்டி வேடங்களை நம்பி வாழ்ந்தவர்களின் பிழைப்பில் விழுந்த அடி அது. 70 வயது நடிகர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது. தொடரை இழிவாகப் பேசும் இளைஞர்களுக்கு இடையே, அதில் நடிக்கும் உரிமைக்காக நீதிமன்றப் படியேறிய முதியவரும் இருந்தார்.

ஊதியப் பிரச்னையில் 2008 நவம்பரில் மும்பைப் படப்பிடிப்புகள் நின்றன. தொலைக்காட்சிகள் பழைய பகுதிகளையே மீண்டும் ஒளிபரப்பின. 2018 ஆகஸ்டில் கொல்கத்தாவில் நடிகர்களே வேலைநிறுத்தம் செய்தனர். மாதக்கணக்கில் நிலுவை, வரம்பில்லாத வேலை நேரம் ஆகியவையே காரணம். அன்றைய முதல்வர் மம்தா பானர்ஜி இரு தரப்பையும் அழைத்துப் பேசிய பிறகே படப்பிடிப்பு மீண்டும் தொடங்கியது.

மறு ஒளிபரப்பால் போராட்டத்தைச் சமாளிக்க முடிவது நிறுவனங்களின் பலம். 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், வணிகப் பயன்பாட்டுக்கு உரிமத்தொகை பெறும் உரிமையை நிகழ்த்துகலைஞர்களுக்கு அளிக்கிறது. பெரும்பாலான தொடர் நடிகர்களின் வாசலை அந்தத் தொகை எட்டவில்லை.

அமைச்சரவை வரை

நெடுந்தொடர் தந்த புகழின் உச்சத்துக்கு உதாரணம் ஸ்மிருதி இரானி. 2000 ஜூலையில் தொடங்கிய "கியூங்கி சாஸ் பி கபி பஹூ தீ' தொடரில் மருமகளாக நுழைந்தவர், முப்பத்தைந்து வயதை எட்டும் முன்பே பாட்டியாகவும் தோன்றினார். 2003-ல் பாஜகவில் சேர்ந்து, 2014-ல் மத்திய அமைச்சரானார். 2024-ல் அமேதியில் தோற்ற அவர், 2025 ஜூலையில் தொடங்கிய அத்தொடரின் புதிய வடிவில் மீண்டும் நடிக்க வந்தார். தொடரை வெட்கத்துக்குரியதாக அவர் கருதவில்லை என்பது வெளிப்படை. ஆனால், பேரம் பேசும் பலம் அவருக்கு இருந்தது. அவருக்குப் பின்னால் வரிசையாக நின்ற துணை நடிகர்களுக்கு இல்லை.

அவர் மத்திய அமைச்சராக இருந்த 2020-ல்தான், பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொடர்பான தொழிலாளர் சட்டத் தொகுப்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1981-ம் ஆண்டின் சினிமா தொழிலாளர் சட்டம் திரைப்படத்தை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தது. புதிய தொகுப்பு, தொலைக்காட்சித் தொடர்களில் பணிபுரிவோரையும் "ஒலி-ஒளித் தொழிலாளர்' என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. எழுத்துபூர்வ ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம். 2025 நவம்பர் 21 முதல் இத்தொகுப்பு அமலுக்கு வந்துள்ளது.

எனினும், மத்திய அரசு அறிவிக்கும் வருமான வரம்புக்குள் வருவோருக்கே இப்பாதுகாப்பு. வரம்பு எவ்வளவு, ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் அதிகாரிகள் எத்தனை பேர் என்பதைப் பொருத்தே இதன் பயன் அமையும். தொழிலாளர் தொகுப்புகள் வேலைநிறுத்த உரிமையைச் சுருக்குகின்றன என்ற தொழிற்சங்கங்களின் குற்றச்சாட்டும் இங்கே பொருந்தும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் பேச்சுவார்த்தைக்கு வழிவகுத்தது படப்பிடிப்பு நின்றதுதான்.

நடிகர்கள் தொடரை நேசிப்பதா, வெறுப்பதா என்பது அவரவர் ரசனை. கலைத்தரம் பற்றிய விவாதம் தொடரட்டும். பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவருக்கு உரிய நாளில் ஊதியம் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு ரசனையில் விடை இல்லை, அரசிடம்தான் இருக்கிறது.